கதவு எண் யார் பேரில்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே ஒரு சிற்றூரில் யாரையாவது தேடிப் போனால், தெருப்பெயரையும் கதவு எண்ணையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. "யாரு மவன்?" என்றுதான் கேட்பார்கள். அப்பா பேரைச் சொன்னால், கேட்டவரே எழுந்து வந்து வாசல்வரை கொண்டுபோய் விடுவார். மலைக்குக் கீழே கச்சிராயபாளையம், சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்துக் கிராமங்களிலும் பாதிக் கதை இதுதான். தபால்காரருக்கு நம் வீட்டு நாயின் குணம்கூடத் தெரியும்.

இப்படி வளர்ந்த பிள்ளை வெளிநாட்டில் ஒரு வங்கிக் கவுண்டரில் போய் நிற்கிறான். முகவரிச் சான்று எங்கே என்கிறார்கள். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறான். அதில் இருப்பது கள்ளக்குறிச்சி முகவரி. அவர்களுக்கு வேண்டியது இந்த ஊரில், இந்த மாதத்தில், எந்தக் கதவுக்குப் பின்னால் தூங்குகிறான் என்று சொல்லும் தாள். நானும் ஒருகாலத்தில் அப்படிக் கடைசிப் பக்கத்தைக் காட்டி நின்றவன்தான். கவுண்டரில் இருந்த பெண் சிரிக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனசு.

இந்த அத்தியாயத்தில் நாடு நாடாகப் பல விதிகள் வரும். அத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே ஏற்பாடுதான். நீங்கள் இன்னார் வீட்டில் இருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரரோ, வீட்டை மொத்தமாக எடுத்து உள்வாடகைக்கு விட்டவரோ, கம்பெனியோ, கல்லூரியோ கையெழுத்துப் போட வேண்டும். ஊரில் "யாரு மவன்" என்பதற்குக் கிடைக்கும் பதில் செய்யும் வேலையை அங்கே அந்தக் கையெழுத்து செய்கிறது. அது கிடைத்துவிட்டால் மற்ற தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். கிடைக்காவிட்டால், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்: வங்கிக் கணக்குக்கு மின்சார பில் கேட்பார்கள், மின்சார இணைப்புக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன்

முதலில் நம் ஊர்த் தாள்களைச் சரிபார்த்துக்கொள்வோம். நம் மாவட்டத்துக்காரருக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26 அன்று. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டம். 1993 செப்டம்பர் 30-க்கு முன் தென்னாற்காடு. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் வாழ்ந்த தாத்தா, அப்பா, மகன் மூவரின் தாள்களிலும் மூன்று மாவட்டம் இருக்கும். நமக்கு இது வரலாறு. வெளிநாட்டில் தாளை ஒப்பிட்டுப் பார்க்கும் எழுத்தருக்கு இது மூன்று வேறு முகவரி.

பாஸ்போர்ட்டில் விழுப்புரம் என்று இருந்தால் அதற்காகப் பதற வேண்டியதில்லை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரே நாளில், ஒரே விண்ணப்பத்தோடு கொடுக்கும் தாள்களில் மாவட்டப் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஆதாரை முதலில் மாற்றுங்கள். வங்கிப் புத்தகம், ஸ்மார்ட் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் அதைப் பார்த்துத்தான் மாறும். அஞ்சல் குறியீட்டு எண் மட்டும் மாவட்டம் பிரிந்ததால் மாறவில்லை. கள்ளக்குறிச்சிக்கு அன்றும் இன்றும் 606202. முகவரியில் மிகவும் நம்பகமான பகுதி அந்த ஆறு இலக்கம்தான்.

அடுத்தது ஆங்கில எழுத்துக்கூட்டல். திருக்கோவிலூரை ஆங்கிலத்தில் ஒருவர் 'வி' போட்டு எழுதுவார், இன்னொருவர் 'ஒய்' போட்டு எழுதுவார், மூன்றாமவர் நடுவில் ஒன்றுமே போடமாட்டார். கல்வராயனைக் 'கல்ராயன்' என்று எழுதிய பழைய தாள்களும் உண்டு. தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப்பெயர்களுக்குப் புது ஆங்கில எழுத்துக்கூட்டல் அறிவித்து, சுமார் ஒரு வாரத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே எது சரி என்று வாதாடுவதில் பயனில்லை. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, எல்லா இடத்திலும் எழுதுங்கள்.

பெயருக்கும் அதே விதி. ஏழுமலை மகன் கோவிந்தன் ஊரில் 'ஏ. கோவிந்தன்'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டில் எல்லாரும் அவரை 'மிஸ்டர் ஏழுமலை' என்பார்கள். அப்பாவைக் கூப்பிடுகிறார்களோ என்று கொஞ்ச நாள் திரும்பிப் பார்ப்பார். வாடகை ஒப்பந்தத்தில் அறை நண்பர்கள் கூப்பிடும் 'கோவி' என்ற பெயரை ஓனர் எழுதிவிட்டால், அந்த ஒப்பந்தம் எதற்கும் உதவாது.

மலையிலிருந்து கிளம்பும் பிள்ளைகளுக்கு வேலை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. 1970-களின் நடுப்பகுதி வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அரசு எடுத்துக்கொண்ட பிறகும் பட்டாவும் அளவையும் மெதுவாகத்தான் மலையேறின. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி பட்டா வாங்கிய குடும்பங்களும் உண்டு, இன்னும் காத்திருப்பவர்களும் உண்டு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தபோது, சாலையோடு சேர்த்து ஆதாரும் ரேஷன் கார்டும் பேச்சில் வந்தன. வீட்டு வரி ரசீது இல்லாத வீட்டில் பிறந்தவர், பாஸ்போர்ட்டுக்கு முன் இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று, அப்பா அல்லது அம்மா பேரில் உள்ள மின் இணைப்பு அட்டை. மற்றது தாசில்தார் தரும் இருப்பிடச் சான்று. இதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாருக்குப் போகும். கல்வராயன்மலை தனி வட்டமாகி, வெள்ளிமலையிலேயே தாலுகா ஆபீஸ் இருப்பதால், இதற்காக மலையிறங்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணை வரும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும். எஸ்டேட் வேலைக்குக் குடும்பத்தோடு கேரளாவுக்கோ குடகுக்கோ போயிருக்கும் மாதங்களில் விண்ணப்பம் போடாதீர்கள். கதவு பூட்டியிருந்தால் அந்த முகவரியில் ஆள் இல்லை என்று எழுதிப் போய்விடுவார்கள். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

சென்னையில் வாடகைக்கு இருந்துகொண்டு அங்கிருந்தே பாஸ்போர்ட் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டப்படி நகர்ப்புற வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். பதிவு எண் உள்ள ஒப்பந்தத்துக்கு மதிப்பு தனி. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினொரு மாதம் என்று எழுதி மேசைக்குள் போட்டு வைத்திருப்பது அத்தனை தூரம் ஓடாது.

அட்வான்சுக்கு முன் கேட்க வேண்டியது

நான் துபாய் போனபோது முதலில் தங்கியது பெட் ஸ்பேஸில். ஒரு அறை, மூன்று அடுக்குக் கட்டில், ஆறு பேர். வீட்டை மொத்தமாக எடுத்திருந்தவர் நம் பக்கத்துக்காரர், பழகுவதற்குத் தங்கம். அட்வான்ஸ் கொடுத்தேன், சாவி வாங்கினேன், சந்தோஷமாகத் தூங்கினேன். மூன்று மாதம் கழித்து ஒரு வேலைக்காக முகவரிச் சான்று தேவைப்பட்டது. "தம்பி, உன் பேரைப் போட்டா நாளைக்கு எனக்குத்தான் பிரச்சினை" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பதிவான ஒப்பந்தத்தில் அவர் குடும்பத்தின் பேர்தான் இருந்தது. ஆறு பேரைக் கட்டிலில் அடுக்கியதற்கு அவரிடம் அனுமதி இல்லை. பணம் கைமாறிய பிறகு நான் கேட்டதுதான் தப்பு.

அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: அறையைப் பார், கக்கூசைப் பார், சமையலுக்கு அடுப்பு உண்டா என்று பார், பிறகு பர்சைத் திறக்கும் முன் இதைக் கேள்.

"அண்ணே, இங்க இருக்கறதுக்கு என் பேர்ல தாள் ஏதாவது தருவீங்களா?"

"எதுக்குப்பா?"

"பேங்குல கேப்பாங்க. நாளைக்கு ஊர்லேருந்து வீட்டுக்காரங்கள அழைக்கணும்னாலும் வேணும். ஒப்பந்தத்துல என் பேரச் சேக்க முடியுமா, முடியாதான்னு சொல்லிட்டீங்கன்னா போதும்ண்ணே."

முடியாது என்றால் முடியாது என்று தெரிந்துவிடும். அதன் பிறகும் அந்த அறை வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். இரண்டு மாதம் சமாளிக்க எடுக்கலாம். இரண்டு வருடம் குடியிருக்க அது சரிவராது. "பாத்துக்கலாம் தம்பி" என்று பதில் வந்தால் அதையும் முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்

ஒர்க் பெர்மிட்டில் போகிறவர்களுக்கு இங்கே ஒரு பாதுகாப்பும் உண்டு, ஒரு கட்டுப்பாடும் உண்டு. தொழிலாளி எங்கே தங்குகிறார் என்பதை மனிதவள அமைச்சில் பதிவுசெய்ய வேண்டியது முதலாளியின் கடமை. இடம் மாறினால் 5 நாட்களுக்குள் புது முகவரியை ஏற்ற வேண்டியதும் அவரே. ஆக, டார்மிட்டரியில் இருந்தாலும் அமைச்சின் கணக்கில் உங்களுக்கு ஒரு முகவரி இருக்கிறது. அது நீங்கள் உண்மையில் தூங்கும் இடம்தானா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒரு டார்மிட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை மாற்றிவிட்டு, பதிவை மாற்ற மறப்பது உண்டு.

ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு முகவரிச் சான்று என்பது கம்பெனியின் கடிதம்தான். லெட்டர்ஹெட்டில், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், ஃபின் எண், டார்மிட்டரியின் முழு முகவரி, எந்தத் தேதியிலிருந்து தங்கியிருக்கிறார், கையெழுத்து, முத்திரை. இவ்வளவும் இருந்தால்தான் அது சான்று. 'இவர் எங்களிடம் வேலை செய்கிறார்' என்று ஒற்றை வரி எழுதித் தருவது வேலைச் சான்று மட்டுமே. சம்பளக் கணக்கைக் கம்பெனியே தொடங்கிக் கொடுத்துவிடும் என்பதால் முதல் வருடம் இந்தக் கடிதத்தின் தேவை தெரியாது. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போகும்போதும், ஊரில் வெளிநாட்டில் இருப்பவருக்கான என்.ஆர்.இ. கணக்கு தொடங்கும்போதும் தெரியும்.

கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகளில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் இந்தியர்கள் எச்.டி.பி. எனும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. "நம்ம ஆளு வீடு, ஒரு மூலையில படுத்துக்கலாம்" என்று யாராவது அழைத்தால், மாட்டிக்கொள்ளும்போது நம்ம ஆளுக்கும் சேர்த்துத்தான் தலைவலி.

எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ்காரர்கள் வாடகைக்கு எடுக்கலாம். எச்.டி.பி. வீடு என்றால் குறைந்தது 6 மாதம், தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதம் வாடகைக்கு விட வேண்டும். அதற்குக் குறைந்து விடுவது சட்டவிரோதம். எச்.டி.பி. வீட்டு உரிமையாளர் வாடகைக்கு விடும் முன்பே கழகத்திடம் அனுமதி வாங்கி, குடியிருப்போர் பட்டியலில் உங்கள் பேரைச் சேர்த்திருக்க வேண்டும். "அனுமதி வாங்கிட்டீங்களாண்ணே" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒப்பந்தம் கையெழுத்தானதும் 14 நாட்களுக்குள் வரித்துறையில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான்கு ஆண்டுவரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மாதம் 900 வெள்ளிக்கு ஓராண்டு எடுத்தால் மொத்த வாடகை 10,800 வெள்ளி; தீர்வை 43 வெள்ளி. இதைக் கட்டுவது வழக்கமாகக் குடியிருப்பவர்தான். நாற்பத்து மூன்று வெள்ளியை மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். முத்திரைத் தீர்வைச் சான்று இல்லாத ஒப்பந்தம் நாளை தகராறு என்று வந்தால் வழக்காடு மன்றத்தில் செல்லாது.

வளைகுடா

துபாயில் மந்திரச் சொல் 'எஜாரி'. அரபியில் 'என் வாடகை' என்று பொருள். 2007-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தமும் பதிவாக வேண்டும்; அந்தப் பதிவுதான் எஜாரி. டைப்பிங் சென்டரில் ஒப்பந்தம், எமிரேட்ஸ் ஐடி, உரிமையாளரின் சொத்துப் பத்திர நகல் கொடுத்தால் ஏற்றிவிடுவார்கள். மின்சாரம், தண்ணீர் இணைப்பை உங்கள் பேருக்கு மாற்ற எஜாரி வேண்டும். மனைவி மக்களை அழைக்க எஜாரி வேண்டும். குடும்ப விசாவுக்குச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது வீட்டோடு 3,000 திர்ஹாம் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டு மகிழ்பவர்கள், எஜாரி யார் பேரில் இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் நினைப்பார்கள்.

பெட் ஸ்பேஸ்காரர்களுக்கு 2022-க்குப் பிறகு ஒரு சின்ன வழி திறந்திருக்கிறது. வீட்டில் கூடக் குடியிருப்பவர்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்று துபாய் நிலத்துறை அந்த ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. எஜாரி யார் பேரில் இருக்கிறதோ அவரே 'துபாய் ரெஸ்ட்' செயலியில் உங்கள் பேரைச் சேர்க்கலாம். அளவுக்கு மீறி ஆள் வைத்திருப்பவர் சேர்க்கமாட்டார். முறையாக மூன்று பேருக்கு விட்டிருப்பவர் சேர்ப்பார். இந்த ஒரு கேள்வியிலேயே வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அபுதாபியில் இதே பதிவின் பெயர் 'தவ்தீக்'. ஷார்ஜாவில் ஒப்பந்தத்தை நகராட்சியில் சான்றளிக்க வேண்டும். கம்பெனி கேம்ப்பில் இருப்பவருக்கு எந்த எமிரேட்டானாலும் கம்பெனிக் கடிதம்தான் வழி. நம் ஊர்க்காரருக்கு விளங்கச் சிரமமான இன்னொன்று உண்டு: அங்கே தபால் வீட்டுக்கு வராது, பெட்டிக்கு வரும். வங்கிப் படிவத்தில் முகவரிக் கட்டத்தில் எழுதுவது பெரும்பாலும் கம்பெனியின் தபால் பெட்டி எண். தபால் பெட்டி எண் தகவல் அனுப்ப மட்டும். குடியிருப்புக்கு அது சான்றாகாது. துபாயில் கட்டட வாசலில் பத்து இலக்க 'மகானி' எண் பலகை இருக்கும். அதைக் குறித்துவைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் முதல் பார்சல்வரை உதவும்.

சவூதியில் 'தேசிய முகவரி' என்ற ஏற்பாடு, நாலு எழுத்தும் நாலு எண்ணுமாக. இகாமா எனும் குடியிருப்பு அனுமதியை வைத்துப் பதிவுசெய்தால் சான்றை இணையத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். இந்த விஷயத்தில் சவூதி எளிது.

குவைத்தில் கவனம் வேண்டும். அங்கே சிவில் ஐடி அட்டையோடு முகவரியும் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. நீங்கள் காலிசெய்துவிட்டதாக வீட்டு உரிமையாளர் சொன்னாலோ, கட்டடம் இடிக்கப்பட்டாலோ, உங்கள் முகவரியைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். நீக்கியவர்களின் பெயரை அரசிதழில் போட்டு, 30 நாள் கெடுவுக்குள் புது முகவரி தராவிட்டால் 100 தினார்வரை அபராதம் என்று அறிவிக்கிறார்கள். அரசிதழ் படிக்கும் பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? 'சஹேல்' என்ற அரசுச் செயலியில் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். 2024 ஜூன் 12 அன்று மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். அதன் பிறகு கூட்டமாக ஆள் வைத்திருக்கும் கட்டடங்களில் சோதனை கூடியது. யார் எந்தத் தளத்தில் இருந்தார் என்று தாளில் இருப்பதன் அருமை அப்படிப்பட்ட இரவுகளில் தெரியும். கம்பெனி தங்கவைத்த இடமும் அட்டையில் உள்ள இடமும் வேறாக இருந்தால் சும்மா இருக்காதீர்கள்.

ஜெர்மனியும் பிற நாடுகளும்

கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை பக்கம் பொறியியல் முடித்துவிட்டு ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு இது. அங்கே வீடு மாறியவர் எல்லாரும், ஜெர்மானியரும்கூட, இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். பெயர் 'அன்மெல்டுங்'. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீடு கொடுத்தவர் 'இவர் இந்தத் தேதியில் குடிவந்தார்' என்று கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். 2015 நவம்பர் 1 முதல் இது நாடு முழுக்கக் கட்டாயம். உள்வாடகைக்கு இருந்தால் மொத்த வாடகைக்காரரே அந்தப் படிவத்தில் கையெழுத்திடலாம். இந்தச் சலுகை தெரியாமல் பலர் அறையைக் கைவிடுகிறார்கள். பதிவுசெய்யத் தவறினால் 1,000 யூரோவரை அபராதம். குடியிருக்காத ஒருவருக்கு முகவரியை விற்றால் 50,000 யூரோவரை. ஆகவே 'நூறு யூரோ கொடுங்க, பதிவு பண்ணித் தரேன்' என்று வலைத்தளத்தில் வரும் ஆளிடம் போகவே வேண்டாம்.

பெரிய நகரங்களில் அலுவலகத்தில் நேரம் கிடைக்க இரண்டு வாரத்துக்கு மேலேயே ஆகிவிடும். நேரம் கேட்டுப் பதிவுசெய்த மின்னஞ்சலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முயற்சி எடுத்ததற்கு அது சாட்சி.

பதிவான பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்றை எந்தக் கையேடும் அழுத்திச் சொல்வதில்லை. தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். அங்கே வீட்டு வாசலில் 'தளம் 3, கதவு 12' என்று இருக்காது. மணியிலும் பெட்டியிலும் குடும்பப் பெயர்தான் இருக்கும். வரி எண் தபாலில்தான் வரும், வங்கி அட்டையும் தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். நம் கோவிந்தன் அங்கே ஒட்ட வேண்டியது 'ஏழுமலை' என்று. தன் பெயரை ஒட்டிவிட்டு மாதக்கணக்கில் வரி எண்ணுக்காகக் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. அங்கே குடியிருப்பவரைப் பதிவுசெய்யும் அலுவலகமே கிடையாது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வந்த ஏதாவதொரு கடிதம்தான் சான்று. எல்லாரும் ஏற்பது கவுன்சில் வரி பில். ஆனால் முழுநேர மாணவருக்கு அந்த வரி விலக்கு, எனவே பில் வராது. அதற்குப் பதிலாகக் கவுன்சிலிடம் விலக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் பெயரும் முகவரியும் இருக்கும். முதல் வங்கிக் கணக்குக்குப் பல்கலைக்கழகக் கடிதம் போதும். கணக்கு வந்ததும் காகிதத்தில் ஸ்டேட்மென்ட் அனுப்பச் சொல்லுங்கள். செல்போன் பில்லைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

பக்கத்துப் புதுச்சேரியைச் சேர்ந்த, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொந்தக்காரரின் பாரீஸ் வீட்டில் போய்த் தங்குகிறவர்களும் நம்மில் உண்டு. அங்கே வாடகை ஒப்பந்தமே இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 'இவர் என் வீட்டில் தங்கியிருக்கிறார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய அடையாள அட்டை நகல், அவர் பேரில் உள்ள அண்மை மின்சார பில். மூன்றும் சேர்ந்தால்தான் செல்லும். மாமா கடிதம் மட்டும் தருவார், பில் தரத் தயங்குவார். பில்லையும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

ஜப்பானில் 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் சொன்னால், குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் முகவரியைப் பதிந்து தந்துவிடுகிறார்கள். அட்டையே சான்று. உலகத்துக்கே இதைக் கற்றுக்கொடுக்கலாம்.

தாள் கையில் வந்த பிறகு

வெளிநாட்டு முகவரிச் சான்றை ஊரிலும் கேட்பார்கள். வேலைக்கென்று வெளிநாடு போனவர் ஊரில் வைத்திருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. அதற்கும், அனுப்பும் பணத்துக்கென என்.ஆர்.இ. கணக்கு தொடங்குவதற்கும், கள்ளக்குறிச்சிக் கிளையில் விசா நகலோடு வெளிநாட்டு முகவரிச் சான்றும் கேட்பார்கள். விடுமுறையில் வரும்போது அசலைக் கையில் கொண்டுவந்து காட்டிவிடுவது மேல். தபாலில் அனுப்பினால் தூதரகமோ நோட்டரியோ சான்றளிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் சம்பளம் போகும்.

ஊர் சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஆதாருக்கும் வங்கிக்கும் ஓ.டி.பி. அதில்தான் வரும். சிம்மைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போனவர்கள் பலர். தம்பி மலைமேல் சிக்னல் இல்லாத பக்கம் போயிருக்கும் நேரத்தில்தான் வெளிநாட்டில் உங்களுக்கு ஓ.டி.பி. தேவைப்படும்.

காலிசெய்யும்போது எல்லாவற்றையும் முறையாக மூட வேண்டும். ஜெர்மனியை விட்டே கிளம்பினால் பதிவை நீக்கச் சொல்லி அந்தத் தாளை வாங்குங்கள். துபாயில் எஜாரியை ரத்துசெய்து, மின்சாரக் கடைசி பில்லைக் கட்டி, ரசீதைப் படம் எடுத்துவையுங்கள். விட்டுப்போன பதிவால் அடுத்த வீட்டின் பதிவு நின்றுபோகும்.

கடைசியாக, எதிர்ப்பக்கம். நம் ஊரிலும் வெளிநாட்டவர் வாடகைக்கு வருவது உண்டு: ஆராய்ச்சிக்கு மலையேறும் மாணவர், இங்கே பெண்ணெடுத்தவர், வெளிநாட்டுக் குடியுரிமையோடு வந்து தங்கும் சொந்தக்காரர். அவருக்கு நீங்கள் மாடியை விட்டால், வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அறிக்கை ஏற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு. 'சி படிவம்' என்று பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான். அவருடைய விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால் அவரும் 14 நாட்களுக்குள் பதிவுசெய்துகொள்ள வேண்டும். மாவட்டத்தில் அதற்கான அதிகாரி காவல் கண்காணிப்பாளர். பதிவுக்கு அந்த வெளிநாட்டவரிடம் முகவரிச் சான்று கேட்பார்கள். நீங்கள் ஏற்றிய படிவத்தை அச்சிட்டு, கையெழுத்திட்டு, வாடகை ஒப்பந்தத்தோடு சாவி கொடுக்கும் அன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.